வாயு வழியே புற ஊதா ஒளி: அளப்பதும் அழுக்கை அடக்குவதும்

வாயுவின் வழியே புற ஊதா ஒளி எவ்வளவு கடந்து செல்கிறது என்று அளக்கப் புதிதாக வருபவர், முதல் வாரத்திலேயே ஓர் எண்ணைப் பெற்றுவிடுவார். அந்த எண் வாயுவைப் பற்றியதா, வாயு வந்த குழாயைப் பற்றியதா, ஒளி நுழைந்த சாளரத்தைப் பற்றியதா என்று பிரித்தறியத்தான் மாதங்கள் ஆகும். அந்த மாதங்களைக் கொஞ்சமாவது குறைக்க முடியுமா என்று பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த அளவீடு எங்கெல்லாம் தேவைப்படுகிறது? வாயுவுக்குள் ஒளி செல்வதைவிட வேகமாகப் பாயும் துகள் உண்டாக்கும் செரன்கோவ் ஒளியைப் பிடிக்கும் துகள் உணரிகளில், ஒளி உண்டாகும் வாயுவே அந்த ஒளியை விழுங்கிவிடக் கூடாது. துகள் பாய்ந்தால் ஆர்கான் 128 நானோமீட்டரிலும் செனான் சுமார் 175 நானோமீட்டரிலும் மின்னுகின்றன. அந்த ஒளியை நம்பி நடக்கும் சோதனைகளில் துளி ஈரம்கூடக் கணக்கைக் கெடுக்கும். குறை அலைநீள லேசர்களின் ஒளிப்பாதையில் நைட்ரஜனை ஓடவிடுவோரும் இதே கவலை உள்ளவர்கள்தாம்.

200 நானோமீட்டருக்குக் கீழே உள்ள பகுதிக்கு வெற்றிடப் புற ஊதா என்று பெயர். காற்று இருந்தால் ஒளி வராது. அதனால் வந்த பெயர். 1890களில் லைப்சிக் நகரில் விக்டர் ஷூமன் இந்தப் பகுதிக்குள் நுழைந்த விதம் இன்றைக்கும் நமக்குப் பாடம். கண்ணாடி ஒளியை விழுங்கியது. ஃபுளோரைட் படிகத்தை வைத்தார். காற்று விழுங்கியது, நிறமாலைமானியையே வெற்றிடத்துக்குள் கொண்டுபோனார். ஒளிப்படத் தட்டின் ஜெலட்டினும் விழுங்கியது. ஜெலட்டின் மிகக் குறைந்த தட்டுகளைத் தாமே செய்துகொண்டார். ஒளியின் வழியில் நிற்கும் ஒவ்வொரு பொருளையும் சந்தேகிப்பதுதான் இந்த வேலையின் அடிப்படை.

முதலில் காகிதத்தில் ஒரு கணக்கு

எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள மாசு மூலக்கூறுகளின் எண்ணிக்கை, ஒரு மூலக்கூறின் உட்கவர் குறுக்குவெட்டுப் பரப்பு (ஒளியை விழுங்கும் இலக்காக அது எவ்வளவு பெரியது என்பதன் அளவு), ஒளி கடக்கும் பாதையின் நீளம் ஆகிய மூன்றையும் பெருக்குங்கள். கிடைப்பதை இங்கே ‘மறைப்பு’ என்று வைத்துக்கொள்வோம். ஊடுருவும் பங்கின் இயல் மடக்கையை எடுத்துக் குறியை மாற்றினால் வருவதும் இதே மறைப்புதான். பீர்–லாம்பர்ட் விதி சொல்வது இவ்வளவே.

அறை வெப்பநிலையில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், ஒரு கன சென்டிமீட்டர் வாயுவில் சுமார் 2.5 × 10¹⁹ மூலக்கூறுகள் இருக்கும். ஆக்சிஜன் மிக வலுவாக உட்கவரும் இடம் 140 நானோமீட்டரை ஒட்டியது. அங்கே அதன் பரப்பு ஏறத்தாழ 1.5 × 10⁻¹⁷ சதுர சென்டிமீட்டர். வாயுவை அடைத்து ஒளியைச் செலுத்தும் உங்கள் கலம் 1 மீட்டர் நீளம், ஆக்சிஜன் 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று கொள்ளுங்கள். மறைப்பு 0.0375, கிட்டத்தட்ட 3.7 சதவீத ஒளி போய்விடும். 10 பிபிஎம் என்றால் 31 சதவீதம் போகும். 100 பிபிஎம் என்றால் மிஞ்சுவதே 2.4 சதவீதம்தான். அதே இடத்தில் சாதாரணக் காற்று 1 மில்லிமீட்டர் தடிமனுக்கு நின்றாலே ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிகூட மறுபக்கம் சேராது.

ஈரத்துக்கு 165 நானோமீட்டரை ஒட்டி ஓர் உச்சம் உண்டு. அங்கே பரப்பு சுமார் 5 × 10⁻¹⁸. 10 பிபிஎம் நீராவி அதே 1 மீட்டரில் 12 சதவீத ஒளியைத் தின்றுவிடும். ஆக்சிஜன், நீராவி இரண்டின் பரப்புகளையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தால், எத்தனை பிபிஎம் வரை பொறுக்கலாம் என்பதை உங்கள் கலத்தின் நீளத்தை வைத்தே முடிவு செய்யலாம். அந்த முடிவில்லாமல் சுத்திகரிப்பான் வாங்கக் கிளம்புவது வீண் செலவு.

ஒவ்வொரு மாசும் தனக்கே உரிய இடத்தில்தான் ஒளியை மறைக்கும். ஆக்சிஜன் 175 நானோமீட்டருக்குக் கீழே அகன்ற பட்டையாக மறைக்கும். 175 முதல் 200 வரை சீப்புப் பல் போல நெருக்கமான கோடுகளாக மறைக்கும். ஓசோனின் உச்சம் 255 நானோமீட்டரை ஒட்டியது. பென்சீன் போன்ற கரைப்பான் ஆவிகளும் 240க்கும் 265க்கும் இடையே பற்கள் போன்ற உருவத்தைக் காட்டும். ஹைட்ரஜனின் 121.6 நானோமீட்டர் கோட்டில் ஒரு விசித்திரம் உண்டு: அங்கே ஆக்சிஜனின் பரப்பு சுமார் 10⁻²⁰ தான், ஆனால் நீராவியின் பரப்பு 10⁻¹⁷ஐத் தாண்டும். 121.6இல் ஒளி நன்றாக வந்து 140இல் மங்கினால் ஆக்சிஜனைத் தேடுங்கள், 121.6இலேயே மங்கினால் ஈரத்தைத் தேடுங்கள். எந்தப் பகுப்பாய்வுக் கருவியும் இல்லாத நாளில் இது எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

ஒளி, சாளரம், உணரி

ஒளிக்கு டியூட்டீரியம் விளக்கு போதும். மக்னீசியம் ஃபுளோரைடு சாளரம் பொருத்திய விளக்கு 115 நானோமீட்டரிலிருந்து ஒளி தரும். ஏற்றிய உடனே அளக்காதீர்கள். அரை மணி நேரமாவது எரியவிட்டு, அதன் ஒளி நிலைத்துவிட்டதா என்று உணரியில் பாருங்கள்.

சாளரத்தைத் தேர்ந்தெடுப்பதில் தயக்கத்துக்கு இடமில்லை, அலைநீளம்தான் தீர்மானிக்கும். நல்ல தரமான உருகிய சிலிக்கா 160 நானோமீட்டர் அளவோடு நின்றுவிடும். கால்சியம் ஃபுளோரைடு 125 வரை, மக்னீசியம் ஃபுளோரைடு 115 வரை, லித்தியம் ஃபுளோரைடு 105 வரை விடும். லித்தியம் ஃபுளோரைடு ஈரக்காற்றில் கெடும். அவசியம் இல்லாவிட்டால் அதன் பக்கம் போகாதீர்கள். சாளரத்தின் ஒவ்வொரு முகமும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். கலத்தின் இரண்டு சாளரங்களுக்கு நான்கு முகங்கள். இந்த இழப்பை வாயுவின் கணக்கில் எழுதிவிடாமல் இருப்பதற்குத்தான் வெற்றுக் கலத்தை அளக்கிறோம்.

உணரியாக, துளி ஒளியையும் அளக்கத்தக்க மின்துடிப்பாக மாற்றும் ஒளிபெருக்கிக் குழாயில் சீசியம் அயோடைடு பூசியது நல்லது. சுமார் 200 நானோமீட்டருக்கு மேலுள்ள ஒளி அதற்கு அநேகமாகத் தெரியாது என்பதால் அறை வெளிச்சத்தின் தொல்லை குறையும். சோடியம் சாலிசிலேட் பூசிய தகட்டின் பின்னால் சாதாரண ஒளிபெருக்கிக் குழாயை வைப்பது பழைய முறை. இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது.

அலைநீளத்தைப் பிரிக்கும் மோனோகுரோமேட்டரில் சிதறிய ஒளியின் தொல்லை இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கருவியை 140 நானோமீட்டரில் நிறுத்திவிட்டு, ஒளிப்பாதையில் ஒரு சிலிக்காத் தகட்டை வையுங்கள். 140 நானோமீட்டர் ஒளி அதைக் கடக்கவே முடியாது. ஆகவே அதற்குப் பிறகும் உணரி காட்டுவது முழுக்க முழுக்கப் பொய் ஒளி. அந்த எண்ணை ஒவ்வொரு அளவிலிருந்தும் கழித்தே ஆக வேண்டும். நீண்ட அலைநீளப் பக்கத்தில் எதிர்மாறான சிக்கல்: 250இல் நிறுத்தினால் அதன் பாதி அலைநீளமான 125 நானோமீட்டர் ஒளியும் அதே திசையில், இரண்டாம் வரிசையாகக் கூடவே வரும். அங்கே அதே சிலிக்காத் தகட்டைப் பாதையிலேயே விட்டுவைத்தால் அது வடிகட்டியாகிவிடும்.

வெற்று, நிரப்பு, மீண்டும் வெற்று

அளவீட்டின் வரிசை இதுதான். ஒளித் தடுப்பை மூடி, ஒளியே இல்லாதபோது உணரி காட்டும் இருட்டளவை எடுங்கள். கலத்தை வெற்றிடமாக்கி அளவெடுங்கள். வாயுவை நிரப்பி அளவெடுங்கள். மீண்டும் வெற்றிடமாக்கி அளவெடுங்கள். கடைசிப் படியைத்தான் எல்லோரும் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். அதை விடவே கூடாது.

ஏன் என்று ஒரு எடுத்துக்காட்டில் பார்க்கலாம். முதல் வெற்று அளவு 1000, வாயுவுடன் 930, பின் வெற்று அளவு 980 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அளவை மட்டும் நம்பினால் ஊடுருவல் 93.0 சதவீதம். இரண்டு வெற்று அளவுகளின் சராசரியான 990ஐக் கொண்டு வகுத்தால் 93.9. வாயுவால் இழந்ததாக நினைத்த 7 பங்கில் ஏறக்குறைய ஒரு பங்கு, விளக்கு மங்கியதாலோ சாளரம் அழுக்கானதாலோ வந்தது. முன்னும் பின்னும் எடுத்த வெற்று அளவுகள் ஒரு சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த வரிசையையே நான் தள்ளிவிட்டு, காரணத்தைத் தேடத் தொடங்குவேன்.

ஒரே அழுத்தத்தில் நிறுத்திவிடாதீர்கள். கால், அரை, முக்கால், முழு வளிமண்டலம் என நான்கு அழுத்தங்களில் அளந்து, மறைப்பை அழுத்தத்துக்கு எதிராகப் புள்ளி வையுங்கள். வாயுவும் அதிலுள்ள மாசும் மட்டுமே மறைக்கிறதென்றால் நேர்கோடு பூஜ்யத்தின் வழியே போகும். பூஜ்யத்தைத் தொடாமல் மேலே நின்றால், வாயுவோடு சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று, பெரும்பாலும் சாளரத்தில் படிந்தது, கணக்கில் சேர்ந்திருக்கிறது. கோடு வளைந்தால், அழுத்தம் மாறும்போது மாசின் விகிதமும் மாறுகிறது அல்லது உணரியின் நேர்விகிதம் கெட்டிருக்கிறது என்று பொருள். உணரியைச் சோதிக்க ஒரு கம்பி வலை போதும்: முழு ஒளியிலும் மங்கலான ஒளியிலும் அந்த வலை ஒரே பங்கைத்தான் மறைக்க வேண்டும்.

அழுக்கு வரும் வழிகள்

சிலிண்டரில் 5.0 தரம் என்று போட்டிருந்தால் 99.999 சதவீதத் தூய்மை. மாசுகள் எல்லாம் சேர்ந்து 10 பிபிஎம் வரை இருக்கலாம். 6.0 தரம் என்றால் 1 பிபிஎம். ஆனால் அந்தத் தூய்மை சிலிண்டரின் வாயோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் உங்கள் கலம் வரைக்கும் உள்ள ஒவ்வொரு அங்குலமும் உங்கள் பொறுப்பு.

புதியவர்கள் நம்ப மறுக்கும் ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிட அதிகம், ஆகவே காற்று உள்ளே வராது என்று நினைக்கிறோம். பிளாஸ்டிக் சுவரைப் பொறுத்தவரை அது உண்மையல்ல. உள்ளே நைட்ரஜன் எவ்வளவு அழுத்தத்தில் இருந்தாலும், அதில் நீராவியின் பங்கு அநேகமாகப் பூஜ்யம். வெளிக்காற்றில் நீராவி நிறைய இருக்கிறது. நீர் மூலக்கூறுக்குத் தெரிவது தன் இனத்தின் அழுத்தம் மட்டுமே. அது அமைதியாகச் சுவரை ஊடுருவி உள்ளே வந்துகொண்டே இருக்கும். சிலிக்கோன் ரப்பர்க் குழாய் இதில் மிக மோசம், நைலானும் நம்பத் தகுந்ததல்ல, டெஃப்லானும் ஆக்சிஜனைக் கணிசமாக விடும். உள்பக்கம் மின்முறையில் மெருகேற்றிய துருப்பிடிக்காத எஃகுக் குழாயைப் பயன்படுத்துங்கள். வளைக்க வசதியாக இருக்கட்டும் என்று நடுவில் ஒரு முழம் பிளாஸ்டிக் குழாயைச் செருகுவது, அணைக்குச் சுவர் எழுப்பி நடுவில் ஒரு கதவைத் திறந்துவைப்பதற்குச் சமம்.

எஃகும் முழுச் சாது அல்ல. ஒருமுறை காற்றுப் பட்டால் அதன் உள்சுவரில் நீர் படலமாக ஒட்டிக்கொள்ளும். பிறகு நாட்கணக்கில் சிறிது சிறிதாக விடும். வாயுவை ஓடவிட்டே காயவைக்க நினைத்தால் பொறுமை போதாது. பம்ப் ஓடும்போதே குழாயையும் கலத்தையும் 120 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். படிகச் சாளரங்கள் உள்ள இடத்தில் வெப்பத்தை மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விழும். அறையின் வெப்பநிலை ஏறும் பிற்பகலில் ஊடுருவல் லேசாகக் குறைந்து, இரவில் தேறினால், சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

வெளியேறும் முனையையும் மறக்காதீர்கள். குறைந்த ஓட்டத்தில் காற்று அந்த முனை வழியாகப் பின்னோக்கிப் பரவி வரும். மெல்லிய உலோகக் குழாயைச் சில மீட்டர் நீளத்துக்குச் சுருட்டி மாட்டுவது நல்ல தடுப்பு. எண்ணெய் நிரப்பிய குமிழிக் குடுவையை வைக்க வேண்டாம்; எண்ணெய் ஆவியே மாசாகிவிடும்.

எண்ணெய் என்றதும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. நான் இந்த வேலையைக் கற்ற முதல் ஆண்டில், எங்கள் கலத்தின் ஊடுருவல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. குறுகிய அலைநீளங்களில் வேகமாக, நீண்டவற்றில் மெதுவாக. சிலிண்டரை மாற்றினேன். சுத்திகரிப்பானைப் புதுப்பித்தேன். ஒரு பலனும் இல்லை. கடைசியில் சாளரத்தைக் கழற்றி, விளக்கடியில் சாய்த்துப் பிடித்தேன். நேராகப் பார்த்தால் பளிங்குதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட சாய்வில், நடுவில், வைக்கோல் நிறத்தில் ஒரு மெல்லிய கீற்று தெரிந்தது. நெட்டுக்குத்தாக, நுழைவுப் பிளவின் அதே அகலத்தில், விளிம்பு வெட்டியது போல. ஒளி பட்ட இடத்தில் மட்டும் படிந்திருந்தது. எண்ணெய்ச் சுழல் பம்பிலிருந்து பின்வாங்கி வந்த ஆவியைப் புற ஊதா ஒளியே சாளரத்தில் சுட்டு ஒட்டவைத்திருந்தது. அளக்க வந்த ஒளிதான் அழுக்கைச் செய்தது. அன்று முதல் எண்ணெய் இல்லாத பம்பைத்தான் பயன்படுத்துகிறேன். அந்தக் கீற்றைத் துணியால் தேய்த்து எடுக்க முயலாதீர்கள், மேற்பரப்பு கீறும். காற்றில் வைத்து, 185, 254 நானோமீட்டர் தரும் பாதரச விளக்கின் ஒளியைப் படவிட்டால், உண்டாகும் ஓசோன் கரிமப் படலத்தை எரித்து எடுத்துவிடும். ஓசோன் நுரையீரலுக்கு ஆகாது. இதைப் புகைபோக்கி அறைக்குள் மட்டுமே செய்யுங்கள்.

கைரேகை, வெற்றிடக் கிரீஸ், சூடேற்றாத புதிய ஓ-ரிங், கழுவியபின் சரியாக உலராத கரைப்பான் ஆகியவையும் இதே வேலையைத்தான் செய்யும். முடிந்த இடங்களில் ரப்பர் வளையத்தைத் தவிர்த்துச் செப்பு வளைய இணைப்புகளைப் போடுங்கள்.

குற்றவாளி சிலிண்டரா, சுவரா?

ஊடுருவல் குறைவாக இருக்கிறது. மாசு வாயுவோடு வருகிறதா, கலத்தில் பிறக்கிறதா? வாயுவைக் கலத்தின் வழியே ஓடவிட்டு, ஓட்டத்தை மாற்றிப் பாருங்கள். சிலிண்டரிலிருந்து வரும் மாசின் விகிதம் ஓட்டத்தைப் பொறுத்து மாறாது. சுவரும் கசிவும் ஒரே வேகத்தில் விடுவதால், ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் அவற்றின் விகிதம் பாதியாகும். நிமிடத்துக்கு 1 லிட்டரில் மறைப்பு 0.10, 2 லிட்டரில் 0.06 என்று கிடைத்தால், சுவரின் பங்கு 0.08, சிலிண்டரின் பங்கு 0.02. இந்த ஒரு கணக்கு, தேவையற்ற சிலிண்டர் மாற்றங்களிலிருந்து உங்களைக் காப்பாற்றும்.

சுவரா கசிவா என்று அடுத்துப் பிரிக்க, கலத்தை வெற்றிடமாக்கி வால்வை மூடிவிட்டு அழுத்தத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். நேர்கோடாக ஏறினால் கசிவு. ஏறி ஏறித் தளர்ந்து நின்றால் சுவர் விடும் ஆவி. கசிவென்றால் ஹீலியம் கசிவுகாணியைக் கொண்டு ஒவ்வொரு இணைப்பாகத் தேடுங்கள்.

சுத்திகரிப்பானின் வரிசையும் முக்கியம்: முதலில் ஆக்சிஜனைப் பிடிக்கும் செயலூட்டிய செம்பு, பிறகு ஈரத்தைப் பிடிக்கும் மூலக்கூறு சல்லடை, கடைசியில் தூசு வடிகட்டி. செம்பை ஹைட்ரஜன் கலந்த வாயுவால் புதுப்பிக்கும்போது நீர் உண்டாகும். சல்லடை பின்னால் இருந்தால் எஞ்சிய ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். சூடான சிர்கோனியம் சுத்திகரிப்பான் ஆர்கான், செனானுக்கு அருமையானது. நைட்ரஜனை அதில் விடாதீர்கள். அது நைட்ரஜனையே விழுங்கி ஆபத்தாகச் சூடேறும். ஃபுளோரோகார்பன் வாயுக்களையும் அதில் விடக் கூடாது. அவற்றைத் திறந்த வெளியில் விடுவதும் தவறு. புவி வெப்பமாதலில் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல ஆயிரம் மடங்கு வலிமை கொண்டவை, மீட்டெடுத்துத்தான் ஆக வேண்டும்.

வெளியேறும் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் பகுப்பாய்வியும், வாயுவிலுள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் படியத் தொடங்கும் (பனிநிலை) என்று காட்டும் ஒரு பனிநிலைமானியும் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். ஒரு வளிமண்டலத்தில் பனிநிலை −60 டிகிரி செல்சியஸ் என்றால் ஈரம் சுமார் 11 பிபிஎம். −76 என்றால் 1 பிபிஎம். அந்தக் கருவிகள் சொல்லும் பிபிஎம்மை முதல் பக்கக் கணக்கில் போட்டு, வரவேண்டிய மறைப்பைக் கண்டுபிடியுங்கள். நீங்கள் அளந்ததோடு அது ஒத்துப்போனால் வாயுவை அளந்திருக்கிறீர்கள். அளந்தது அதிகமாக இருந்தால், இன்னும் பெயர் தெரியாத ஒரு மாசு அங்கே இருக்கிறது.

உடலைக் காக்க

விளக்கு எரியும்போது கண்ணையும் தோலையும் மூடுங்கள். கண் எரிச்சல் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும், அதற்குள் சேதம் நடந்திருக்கும். நைட்ரஜனும் ஆர்கானும் மணமற்றவை. மூடிய அறையில் கசிந்தால் எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம் வரும். ஆக்சிஜன் அளவைக் காட்டும் அலாரம் இல்லாத அறையில் பெரிய ஓட்டங்களைத் திறக்காதீர்கள். படிகச் சாளரம் தாங்கும் அழுத்தத்தைக் கணக்கிட்டு, அதற்குள் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வைப் பொருத்துங்கள்.

இரவு வேலையை முடிக்கும்போது கலத்தை வெற்றிடமாக விட்டுச் செல்லாதீர்கள். சின்னக் கசிவும் இரவு முழுவதும் காற்றை உறிஞ்சும். வளிமண்டலத்தைவிடச் சற்றே கூடுதலாகத் தூய ஆர்கானை நிரப்பி, முதலில் வெளியேறும் வால்வையும் பிறகு நுழையும் வால்வையும் மூடுங்கள். அழுத்தத்தையும் அறை வெப்பநிலையையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். காலையில் வந்ததும், விளக்கை ஏற்றுவதற்கு முன், முதலில் பார்க்க வேண்டியது அந்த அழுத்தத்தைத்தான்.